முடியும் நாள் எழுதாத பேப்பர்

இதை எழுத உட்கார்வது இது நாலாவது தடவை. முந்தைய மூன்று தடவையும் பிள்ளையார் சுழி போட்டுவிட்டு நோட்டை மூடி வைத்துவிட்டேன். பயம்தான் காரணம். மனுஷருக்குப் பாதி பயந்தேன், அம்மனுக்குப் பாதி பயந்தேன். இப்படியே பதினைந்து வருடத்துக்கு மேல் போய்விட்டது. நான் எட்டாம் வகுப்புவரைதான் படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை வராமல் எழுதுகிறேன்.

போன மாதம், நான் செய்த தொழிலை இப்போது செய்கிற ஒரு தம்பி வீட்டுக்கு வந்தார். கையில் நாலு பக்கத்துக்கு இங்கிலீஷில் அடித்த ஒப்பந்தம். வெளியூரிலிருந்து ஒரு பெரிய பாட்டுக் குழுவைத் திருப்பூர் மண்டபம் ஒன்றுக்குக் கூட்டி வருகிறார்களாம். அந்த நிகழ்ச்சி முடிகிறவரை சுற்றுவட்டாரத்தில் வேறு எங்கும் அந்தக் குழு மேடை ஏறக்கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டிருந்தது.

“இதெல்லாம் பாரின்காரன் கண்டுபிடிச்சதுங்களாண்ணா?” என்று கேட்டார்.

“இல்லைங்க தம்பி. பல்லடம் பக்கத்துல ஒரு ஊர்க்காரங்க எங்க ட்ரம்ஸ் செட்டைப் புடுங்கி வெச்சுக்கிட்டாங்க. அன்னைக்குக் கண்டுபிடிச்சது” என்றேன். அவர் சிரித்தார். அதற்கு மேல் நான் சொல்லவில்லை. அவர் போன பிறகு மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்த நோட்டு.

நான் முதலில் பனியன் கம்பெனியில் அயர்ன் மேஜையில் நின்றவன். முழங்கால் வீங்கி நாள் முழுக்க நிற்க முடியாமல் போனதும், மாமனார் சொல்லி, துரைசாமி என்பவரின் புக்கிங் ஆபீசில் சேர்ந்தேன். திருப்பூரில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. இன்னிசைக் குழுக்களைக் கோயில் நோம்பிகளுக்குப் பேசிவிடுவது அவருடைய தொழில். எங்கள் பக்கம் திருவிழாவை நோம்பி என்போம், அதை ஊரில் அறிவித்துத் தொடங்குவதைச் சாட்டுவது என்போம். முதல் சில வருடம் நான் போஸ்டர் ஒட்டினேன், வேன் பிடித்தேன், ஸ்பீக்கர் பெட்டி தூக்கினேன். பிறகு பேப்பர் எழுத விட்டார். ஒப்பந்தத்தை நாங்கள் பேப்பர் என்றுதான் சொல்வோம்.

பல்லடம் கதை இதுதான். வியாழக்கிழமை ஓர் ஊரில் எங்கள் குழு பாடியது. சனிக்கிழமை அதற்கு ஆறு கிலோமீட்டர் தள்ளி இன்னோர் ஊர். வியாழக்கிழமையே இரண்டு ஊர் ஜனமும் கேட்டுவிட்டதால், சனிக்கிழமை மேடைக்கு முன்னால் பாதி இடம் காலியாகக் கிடந்தது. விழாக் கமிட்டிக்காரர்களுக்கு முகம் கறுத்துவிட்டது. “எச்சப் பாட்டைக் கொண்டாந்து எங்க ஊர்ல எறக்கறீங்களா?” என்று ட்ரம்ஸ் செட்டை இறக்கிக் கோயில் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். துரைசாமி போய்க் கையெடுத்துக் கும்பிட்டு அதை மீட்டுக்கொண்டு வந்தார். மறுநாளே எங்கள் பேப்பரில் ஒரு புது நிபந்தனை ஏறியது. நாங்கள் அதற்கு வட்டம் என்று பெயர் வைத்தோம்.

வட்டம் போடுவதை அவர் ஒரு பூஜை மாதிரிதான் செய்வார். சுவரில் மாவட்டத்து ரோடு படம் ஒன்று ஆணியடித்து மாட்டியிருக்கும். மேஜை டிராயரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் காம்பஸ். கமிட்டிக்காரர்கள் வந்து உட்கார்ந்ததும் டீ சொல்வார். டீ குடித்து முடிக்கிறவரை தொழில் பேச மாட்டார். பிறகு மூன்று கேள்வி கேட்பார்.

“எத்தனை கிலோமீட்டருங்க? ரோட்டுக் கணக்குங்களா, நேர்க் கணக்குங்களா? முடியற நாள் என்னைக்குங்க?”

மூன்றாவது கேள்வியை மட்டும் இரண்டு தடவை கேட்பார். பதில் வந்ததும் காம்பஸின் முள்ளை அந்த ஊரின் மேல் ஊன்றி, பென்சிலால் ஒரு சுற்று சுற்றுவார். “பார்த்துக்குங்க. இந்தக் கோட்டுக்குள்ள எங்காளுங்க மைக்கைத் தொட மாட்டாங்க” என்பார். அந்தத் தேதி கழிந்த மறுநாள் காலையில் ஆபீசைத் திறந்ததும், சாமி படத்துக்கு ஊதுபத்தி வைத்துவிட்டு, ரப்பரை எடுத்து அந்த வட்டத்தை அழிப்பார். அழித்த தூளைக் கூட ஊதிவிட மாட்டார், துணியால் துடைப்பார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே இருப்பார். அவர் துடைக்கத் தொடங்கினால் நான் எழுந்து நின்றுவிடுவேன்.

இனி நான் செய்த தவறுக்கு வருகிறேன். செல்போன் எல்லோர் கையிலும் வரத் தொடங்கியிருந்த காலம் அது. தை மாதம். துரைசாமியின் சம்சாரத்துக்குக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். அவர் அங்கேயே தங்கிவிட்டார். ஆபீசில் நான் மட்டும்.

அவிநாசிக்கும் சேவூருக்கும் நடுவில் உள்ள ஓர் ஊரிலிருந்து நாலு பேர் வந்தார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். கோயில் கமிட்டித் தலைவர் சென்னியப்பன் முன்னால் வந்தார். பனியன் துணி பின்னும் நிட்டிங் மிஷின் போட்டு நடத்துகிறவர். நல்ல மனுஷர், பணிவாகத்தான் பேசுவார்.

“எங்கூர்ல நோம்பி சாட்டி மூணு வருசம் ஆச்சுங்க. கோயல் வேலை நடந்துட்டு இருந்துதுங்க. இந்தத் தடவ ஜாம்ஜாம்னு பண்டோணும். ஸ்டெல்லாப் புள்ள பாடோணுமுங்க, அம்புட்டுத்தான்” என்றார்.

ஸ்டெல்லா எங்கள் குழுவின் பாடகி. பல்லடம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். ஞாயிறு காலை தேவாலயத்தில் பாடுவாள், அதே வாரம் மாரியம்மன் மேடையிலும் பாடுவாள். அம்மன் பாட்டில் உச்சத்துக்கு அவள் குரல் ஏறும்போது பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வதை எத்தனையோ ஊரில் பார்த்திருக்கிறேன். அவளை வைத்துத்தான் எங்களுக்கு நோம்பி வந்தது.

“தேதி என்னைக்குங்க?” என்று கேட்டேன்.

“பூக் கேட்டுத்தானுங்க தேதி” என்றார்.

அந்த ஊர் வழக்கம் இது. வாழை இலையில் வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் மடித்து, அம்மன் முன்னால் துணிக்கு அடியில் பூசாரி கலைத்து வைப்பார். வெளியூர் ஆள் ஒருவர் துணிக்குள் கைவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் நோம்பி நடத்த உத்தரவு. சிவப்பு வந்தால் பதினைந்து நாள் பொறுத்து மறுபடியும் கேட்க வேண்டும்.

பக்கத்து ஊருக்கும் இவர்களுக்கும் போட்டி. அவர்களும் எங்கள் குழுவைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். அதனால் வட்டம் முப்பது கிலோமீட்டர் வேண்டும், இன்றிலிருந்தே வேண்டும், குழுவிலுள்ள யாரும் தனியாகக்கூட மேடை ஏறக்கூடாது என்று கேட்டார்கள். எழுதினேன். முடியும் நாள் என்ற இடம் வந்தது. பேனா நின்றது.

“ஒருவேளை உத்தரவு வர்லீன்னா…” என்று இழுத்தேன்.

சென்னியப்பனின் முகம் சுருங்கிவிட்டது. “ஏனுங்க, நல்ல காரியம் பேசறப்ப வர்லீன்னான்னு சொல்லலாமுங்களா? நெத்தி நெறையத் திருநீறு பூசியிருக்கறீங்க. நீங்களே அம்மன் மேல சந்தேகப்படலாமுங்களா?”

செவ்வாய், வெள்ளி விரதம் இருக்கிறவன் நான். நாலு பேர் முன்னால் அப்படிக் கேட்டதும் கூசிப் போனேன். முடியும் நாள் என்ற இடத்தில் ‘நிகழ்ச்சி முடியும் வரை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அட்வான்ஸை வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து, அம்மன் சன்னிதியில் காட்டி எடுத்து வந்திருந்தார்கள். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

மாசி முதல் வெள்ளிக்கிழமை பூக் கேட்டார்கள். சிவப்பு வந்தது.

மறுநாள் துரைசாமி ஆபீசுக்கு வந்தார். பேப்பரைப் படித்தார். திரும்பவும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“முடியற நாள் எங்கீங்க, ஆறுமுகம்?”

நடந்ததைச் சொன்னேன். அவர் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு எழுந்து காம்பஸை எடுத்தார். பென்சிலைக் கழற்றிவிட்டுப் பேனாவைச் செருகினார். அந்த ஊரில் முள்ளை ஊன்றி மையால் சுற்றினார். அவிநாசி உள்ளே போனது. சேவூர் உள்ளே போனது. திருப்பூர் முழுக்க உள்ளே போனது. கோடு பல்லடத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. எங்கள் குழுவின் பெயர் தெரிந்த ஊர்கள் அத்தனையும் அதற்குள் இருந்தன.

“மாசி, பங்குனி, சித்திரை. நம்மாளுங்க வருசத்துக்குச் சோறு திங்கறது இந்த மூணு மாசத்துலதானுங்களே” என்றார். அவ்வளவுதான்.

அதன் பிறகு போன் அடிக்கும். ஊர் எது என்று கேட்பேன். படத்தைப் பார்ப்பேன். மையால் போட்ட கோட்டுக்குள்ளே இருக்கும். “இந்த வருசம் முடியாதுங்க” என்பேன். “ஏனுங்க, அம்மன் பேரச் சொல்லிக் கூப்பட்டும் வர மாட்டீங்களா?” என்பார்கள். தாராபுரம் பக்கம் ஒன்றிரண்டு கிடைத்தது. அங்கே வேறு ஆபீஸ்காரர்கள் தங்கள் குழுக்களை ஏற்கெனவே பேசிவிட்டிருந்தார்கள்.

இரண்டாம் தடவை மாசி கடைசியில் பூக் கேட்டார்கள். அந்த வழியாக வந்த இளநீர் வியாபாரியைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். சிவப்பு. நான் சென்னியப்பன் வீட்டுக்குப் போனேன்.

“அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்தர்றோமுங்க. பேப்பரை விட்டுக் குடுங்க. உத்தரவு வந்தா, எங்க இருந்தாலும் வந்து பாடிக் குடுக்கறோம்.”

“கோவிச்சுக்காதீங்க. அம்மனுக்குக் காட்டிக் குடுத்ததை எப்படீங்க கை நீட்டித் திரும்ப வாங்கறது? ஊரே காறித் துப்புமுங்க” என்றார். கொஞ்சம் பொறுத்து, “உங்களை விட்டுட்டா அடுத்த வாரமே பக்கத்து ஊர்ல ஸ்டெல்லாப் புள்ள நிப்பா. எங்க சனமும் அங்கதான் போய் உக்காரும். அப்பறம் எங்களுக்கு உத்தரவு வந்து என்னுங்க பண்டறது?” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மோர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

துரைசாமியிடம், பேசாமல் மீறிவிடலாமா என்று கேட்டேன்.

“எழுதுனது நாமுங்க. நாமளே மீறுனா, நாளைக்கு இந்த மேஜைக்கு வந்து எவனுங்க டீ குடிப்பான்?” என்றார்.

குழுவில் ஒவ்வொருவராகப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார்கள். ஸ்டெல்லாவும் போனாள். அவளுக்குப் புருஷன் இல்லை, வயதான அம்மாவும் பள்ளிக்கூடம் போகும் மகளும் இருந்தார்கள். அவளுக்குக் கிடைத்தது துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷின். அந்தக் கம்பெனியில் அப்போது குளிர்காலத்து ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. உள்பக்கம் பஞ்சு பஞ்சாக இருக்கும் கனத்த துணி. அதை வெட்டித் தைக்கும்போது அறை முழுவதும் பஞ்சுத் தூசி பறக்கும். தலை, புருவம், மூக்கு எல்லாம் வெள்ளையாகிவிடும். நான் பனியன் கம்பெனியில் இருந்தவன், எனக்குத் தெரியும்.

ஒரு நாள் டீ நேரத்தில் கம்பெனி கேட்டுக்கு வெளியே அவளைப் பார்த்தேன். கர்ச்சீப்பால் வாயை மூடி இருமிக்கொண்டிருந்தாள்.

“மூஞ்சிக்குத் துணி கட்டிக்கறதில்லையா கண்ணு?”

“கட்டறனுங்ணா. அதையும் மீறி உள்ள போயிருது. தொண்டையிலயே குடியிருக்குதுங்ணா” என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே இருமலாக மாறியது. குரல் கரகரவென்று வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

“பாடிப் பார்த்தியா?”

“பார்த்தனுங்ணா. மேல ஏற மாட்டேங்குது. நூலு அறுந்த மாதிரி பொட்டுனு நின்னுருது.” பிறகு மெதுவாகக் கேட்டாள். “எங்க மாதா கோயல் தேருக்கு மேடை போடறாங்க. சாமியார் பாடக் கூப்புடறாரு. பாடட்டுங்களா?”

ஆபீசுக்கு ஓடிப்போய் அளந்தேன். அந்தத் தேவாலயம் கோட்டுக்கு உள்ளே ஒரு கிலோமீட்டரில் இருந்தது. துரைசாமியும் அளந்து பார்த்தார். “உள்ள உக்காந்து ஜெபத்துல பாடறது அந்தப் புள்ளைக்கும் ஆண்டவனுக்கும். அதுல பேப்பர் வராதுங்க. மேடை வேண்டாம்” என்றார். சின்ன வயதிலிருந்து தேருக்குப் பாடிய பெண், அந்த வருடம் மட்டும் ஜனங்களோடு ஜனமாக நின்று இன்னொருத்தி பாடுவதைக் கேட்டாள். நான் எழுதாமல் விட்ட ஒரு தேதிக்காக.

பங்குனி முதல் வாரம் மூன்றாம் தடவை. ஒரிசாவிலிருந்து நிட்டிங் வேலைக்கு வந்த ஆள் ஒருவர் பூ எடுத்தார். சிவப்பு. அந்தப் பாவப்பட்ட மனுஷர் தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்துக் கும்பிட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தார்.

அடுத்த நாள் ஸ்டெல்லாவைத் தொண்டை டாக்டரிடம் கூட்டிப் போனேன். விளக்கு அடித்துப் பார்த்தார். “இந்தத் தூசியில இன்னும் ரெண்டு மூணு மாசம் இருந்தா, பாட்டை மறந்துர வேண்டியதுதாம்மா” என்றார். அவள் பஸ்ஸில் ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். ஒரு மண்டலம் விரதம் இருக்கிறேன் என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன்.

நாலாவது தடவை பூக் கேட்ட அன்று நானே விடிந்ததும் அந்த ஊருக்குப் போய்விட்டேன். கோயிலில் பூசாரி மட்டும் இருந்தார். நான் தூணோரம் உட்கார்ந்து ஜெபித்துக்கொண்டிருந்தேன். பூக்கூடையைக் கொண்டு வந்த பெண்ணிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. “வெள்ளரளி கெடைக்கிலியா? செரி, போச்சாது. நந்தியாவட்டை இருக்குதல்ல, அதையே வெச்சுக் கட்டிக்கறேன்.”

எப்போதும் இரண்டு பொட்டலத்திலும் அரளிதான் இருக்கும். வெள்ளரளி, செவ்வரளி. கைக்கு வித்தியாசம் தெரியாது. அன்றைக்கு வேறு. அரளி மொட்டு நீளமாக, குச்சி மாதிரி இருக்கும். நந்தியாவட்டை மெத்தென்று இருக்கும். இது எனக்கு அந்த நிமிஷம் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் எழுந்து போயிருப்பேனோ என்னவோ. அதைச் சத்தியம் பண்ணிச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

ஒன்பது மணிக்கெல்லாம் ஊர் கூடிவிட்டது. பூசாரி பொட்டலங்களைத் துணிக்கு அடியில் வைத்துக் கலைத்தார். வெளியூர் ஆள் யார் என்று பார்த்தார்கள். அந்நேரம் ரோட்டில் யாரும் வரவில்லை. சென்னியப்பன் என் பக்கம் திரும்பினார்.

“நீங்களே எடுங்க. விரதக் கை.”

ஒரு பெரியவர் தடுத்தார். “இவருக்கு நோம்பியில சம்மந்தம் இருக்குதல்லப்பா. பாட்டுக்காரரு.”

“ஊர்க்காரரு இல்லைல்லீங்க மாமா. அம்புட்டுத்தானுங்க வழக்கம்” என்றார் சென்னியப்பன். பெரியவர் ஒதுங்கி வழி விட்டார். எல்லோருக்கும் சலித்துப் போயிருந்தது. எல்லோருக்கும் வெள்ளை வேண்டியிருந்தது.

சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போய் மண்டியிட்டேன். தீபம் காட்டினார்கள். கண்ணை மூடிக்கொண்டு துணிக்குள் கையை விட்டேன். முதலில் தொட்ட பொட்டலத்தின் இலைக்கு உள்ளிருந்து குச்சி குச்சியாக விரலில் குத்தியது. அந்த நொடியில்தான் பூசாரி சொன்னது ஞாபகம் வந்தது. நான் தொட்டிருப்பது சிவப்பு என்று தெரிந்துவிட்டது.

அப்போது எனக்கு வாய் இருந்தது. “எனக்குத் தெரியுதுங்க, வேற ஆளை விடுங்க” என்று சொல்லியிருக்கலாம். இரண்டு பொட்டலத்தையும் அரளி வைத்து மறுபடி கட்டச் சொல்லியிருக்கலாம். யாரும் என்னை அடித்திருக்க மாட்டார்கள். நான் கையை நகர்த்தினேன். மெத்தென்று இருந்த பொட்டலத்தை எடுத்து வெளியே நீட்டினேன்.

பூசாரி நாரை அவிழ்த்தார். வெள்ளை. குலவைச் சத்தம் எழுந்தது. பறை அடித்தார்கள். சென்னியப்பன் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். அம்மனின் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நேராக ஆபீசுக்குப் போய் துரைசாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பேப்பர்ல ஒரு தேதி எழுதக் கூச்சப்பட்டீங்க. அதுக்காக அம்மன் முன்னால போய்க் கையக் கூசாம நீட்டிப்போட்டீங்க” என்றார்.

“ஊர்ல சொல்லீரட்டுங்களா?”

“நான் சொல்லிக் குடுத்துச் செஞ்சீங்களா? சொல்றதும் நீங்களா முடிவு பண்ணோணுமுங்க.”

நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் நோம்பி சாட்டிவிட்டார்கள். கம்பம் நட்டார்கள். பெண்கள் காப்புக் கட்டிக்கொண்டார்கள். வெளியூரிலிருந்து உறவுகள் வந்து இறங்கினார்கள். இத்தனை பேரையும் நிறுத்திவிட்டுச் சொல்ல எனக்கு நெஞ்சு வரவில்லை.

சித்திரையில் நிகழ்ச்சி நடந்தது. ஸ்டெல்லா கம்பெனியை விட்டு நின்று மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கீபோர்டுக்காரர் அவளுக்காகச் சுருதியை இரண்டு கட்டை இறக்கினார். அப்படியும் அம்மன் பாட்டில் உச்சத்துக்குப் போகும்போது குரல் உடைந்தது. ஜனங்கள் அதைப் பக்தி என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மேடைக்குப் பின்னால் நின்றிருந்த எனக்குத்தான் தெரியும். மறுநாள் மைவட்டத்தை அழிக்க முடியாமல், துரைசாமி அந்தப் படத்தையே கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டுப் புதுப் படம் மாட்டினார். மிச்சமிருந்த சில வாரத்தில் கிடைத்த ஊர்களில் பாடினோம். அந்த உச்சம் மட்டும் அவளுக்குத் திரும்பி வரவேயில்லை. இன்னும் நாலைந்து வருடம் இறக்கிய சுருதியில் பாடிவிட்டு நின்றுகொண்டாள்.

அதற்குப் பிறகு நான் எழுதிய ஒவ்வொரு பேப்பரிலும் ஒரு வரி இருந்தது. ‘உத்தரவு வந்தாலும் வராவிட்டாலும் இன்ன தேதியோடு இந்த வட்டம் விட்டுப்போகும்.’ பல கமிட்டிக்காரர்கள் முகம் சுளித்தார்கள். திருநீறு பூசிக்கொண்டு இப்படி எழுதலாமா என்று கேட்டவர்களும் உண்டு. எழுதத்தான் செய்தேன். தேதி எழுதுவது அம்மனைச் சந்தேகப்படுவது ஆகாது. பேப்பர் மனுஷருக்கும் மனுஷருக்கும் நடுவில் இருப்பது. அதில் முடியும் நாளைச் சாமியின் தலையில் கட்டியது என் பக்தி இல்லை, என் கோழைத்தனம். தம்பிகள் இதை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்காக மட்டும் இல்லை. அந்த ஊரில் இப்போது வேறு ஒரு கதை ஓடுகிறது. மூன்று தடவை மறுத்த அம்மன், விரதக்காரர் ஒருவர் கைபட்டதும் மனமிரங்கி வெள்ளைப் பூ கொடுத்தாள் என்கிறார்கள். அடுத்த வருடமே என்னைப் பூ எடுக்கக் கூப்பிட்டார்கள். முழங்கால் வலி என்று சொன்னேன். அதற்கடுத்த வருடம் வீட்டில் தீட்டு என்றேன். இப்படியே ஒவ்வொரு வருடமும் ஒரு பொய். சென்னியப்பன் காலமாகிவிட்டார். துரைசாமியும் போய்விட்டார். இந்தத் தை மாதம் சென்னியப்பனின் மகன் வந்து, நோம்பி நோட்டீசில் அந்த அற்புதத்தை அச்சடிக்கப் போகிறோம், உங்கள் போட்டோ ஒன்று வேண்டும் என்று கேட்டார். தேடித் தருகிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

எழுதுவதற்கு முன்னால் ஸ்டெல்லாவைப் பார்க்கப் போனேன். மகள் வீட்டில், பல்லடத்தில் இருக்கிறாள். அவளுக்கு இது எதுவும் தெரியாது. முழுக்கச் சொன்னேன். உன் தொண்டையைக் காப்பாற்றத்தான் கண்ணு அப்படிச் செய்தேன் என்றும் சொன்னேன்.

“எனக்காகப் பண்ணுனேன்னு எழுதாதீங்ணா” என்றாள். “நீங்க தேதி எழுதாம விட்டீங்கன்னு எங்ககிட்ட அன்னைக்கே சொல்லீருந்தா, எல்லாரும் சேர்ந்து வந்து அந்த ஊர்ல கையெடுத்துக் கும்புட்டிருப்போம். நான் அந்த மிஷினுக்கே போயிருக்க மாட்டேன். கமிட்டிக்காரங்கதான் விட மாட்டேங்கறாங்கன்னு நெனச்சுக்கிட்டுப் போனேன்.”

அது உண்மை. குழுவில் யாரிடமும் நான் சொல்லவில்லை. தேதியை விட்டது நான் என்று தெரிந்தால் என்னை என்ன நினைப்பார்களோ என்ற பயம். எனக்காகத்தான் அந்தப் பொட்டலத்தை எடுத்தேன். இதை ஒத்துக்கொள்ள எனக்கு இத்தனை வருடமும், அவள் வாயிலிருந்து வந்த அந்த ஒரு வார்த்தையும் தேவைப்பட்டன.

இந்த நோட்டின் ஒரு பிரதியைச் சென்னியப்பனின் மகனிடம் நாளைக் காலை நானே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை யாருக்காவது சொல்வதாக இருந்தால் உள்ளபடியே சொல்லுங்கள். ஆறுமுகம் நல்லவன், இரக்கப்பட்டுச் செய்தான் என்று எனக்காகக் குறைக்க வேண்டாம். அம்மன்தான் அவன் கையைப் பிடித்து நகர்த்தினாள் என்று யாராவது சொன்னால், இல்லை என்று சொல்லுங்கள். நகர்ந்தது என் கை. எது எந்தப் பூ என்று அதற்குத் தெரியும்.